அது இதில்லை

கடைசியில் ஒரு டி, ஒரு என்.
நடுவில் ஈயா ஓவா,
துரு தின்றிருந்தது.
ஸ்வீடனா லண்டனா என்று தெரியாமல்
மண்ணெண்ணெயில் மூன்று நாள் கிடந்தது
மேலப்பாளையம் மீராசா கடையில்
எடைக்கு எடுத்த ஸ்க்ரூ ஸ்பேனர்.

திருகை வலப்பக்கம் உருட்டினேன்.
வாய் திறந்தது.
என்னிடமுள்ள முப்பத்தொன்பதும்
அப்படி உருட்டினால் மூடும்.
அன்றிரவு சோறு இறங்கவில்லை,
சந்தோஷத்தில்.

பக்கத்து வீட்டு ஆவுடையப்பன்
ஃபுட்வால்வு கழற்றணும் என்று வந்திருக்கிறார்.
வீட்டில் எடுத்துக் கொடுத்துவிட்டாள்,
அதைப் போய்.

நாலாம் நாள் திரும்பி வந்தது.
அதே நீளம், அதே கறுப்பு,
மரியாதைக்குக் கொஞ்சம் கிரீஸ்.
வலப்பக்கம் உருட்டினேன்.
மூடியது.

"இது அதில்லை அண்ணாச்சி."
"இதாம்வே அது. ஸ்பேனருல என்னவே
அதும் இதும்?"

சேரன்மாதேவியில் கன்னடியன் கால்வாய் ஓரம்
பத்துப் பன்னிரண்டு மோட்டார் ரூம்.
ஏதோ ஒன்றில், எவன் கையிலோ,
திறக்க உருட்டினால் மூடிக்கொண்டு
கெட்டவார்த்தை வாங்கிக்கொண்டிருக்கும்,
ஸ்வீடனோ
லண்டனோ.