இருபத்தொன்பது பைசா

ரூவியில் ஏழாவது மாடி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மொட்டை மலை,
இந்தப் பக்கம் நான்.
பணம் கடந்துபோவதைப் பார்க்கும் வேலை.
ரியாலுக்கு இருபத்தொன்பது பைசா எங்களுக்கு,
மீதியைத் தொடுவதில்லை.

பதிவேட்டில் அது சாம்பிராணிக் கடை.
சோஹார் முகவரி, உரிமம், முத்திரை எல்லாம் சரி.
வியாழன் இரவு பதினொன்றரைக்கு மேல்
நாலாயிரம் பேர் சாம்பிராணி வாங்குகிறார்கள்,
ஆளுக்கு ஒன்றரை ரியால்.
சலாலா, சூர், பர்கா லேபர் கேம்ப்,
குவைத்திலிருந்துகூட.
வெள்ளி விடிவதற்குள்
வளைகுடா முழுக்க இவ்வளவு புகை போட
எத்தனை வீட்டில் பேய் பிடித்திருக்கிறது?

பிப்ரவரியில் எழுதிக் கொடுத்தேன்:
சாம்பிராணி இல்லை, சினிமா.
அன்றைக்கு வந்த படம், அன்றைக்கே.
குரியன் சார் படித்தார்.
"நாம வெறும் குழாய்தானே ஹமீதா,
தண்ணி யாரோடதுன்னு குழாயையா கேப்பாங்க?"
மார்ச்சில் போனஸ் வந்தது.
காருக்கு இரண்டு டயர் மாற்றினேன்.

இப்போது சாலிகிராமத்திலிருந்து வக்கீல் கடிதம்.
தவமணி என்று ஒரு தயாரிப்பாளர்,
முதல் படம், வீட்டுப் பத்திரம் வங்கியில்.
திருடியவன் பெயர் கடிதத்தில் இல்லை,
அவனுக்கு முகவரியே கிடையாது.
எங்கள் முகவரி இருந்தது, மாடி எண்ணோடு.
'திருட்டென்று அறிந்த பின்னும்
கல்லாப்பெட்டியை ஏந்தி நின்றவர்கள்.'

தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள்.
தேனடையை நாங்கள் கண்ணால் கண்டதில்லை.
புறங்கை மட்டும்தான் எங்கள் தொழில்.

சட்டப் பிரிவிலிருந்து வந்தவர்
ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எப்போது தெரியும்?
கணினி எனக்கு முன்னால் சொல்லிவிட்டது.
பார்த்தவர்: எஸ். ஹமீதா பானு,
பிப்ரவரி ஒன்பது, காலை 11.42.

அன்றே கடையைத் துண்டித்தோம்.
தவமணிக்கு எழுதிய பதிலில்
'வருந்துகிறோம்' என்றிருந்ததை அவர் அடித்துவிட்டார்,
ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமாம்.

இந்த வாரம் புதிதாக ஒரு பேரீச்சம்பழக் கடை.
நிஸ்வா முகவரி, உரிமம், முத்திரை.
இன்று வியாழன், எனக்கு நைட் ஷிஃப்ட்.
பதினொன்று முப்பத்தொன்றுக்கு
முதல் பேரீச்சை விற்றது.
அடுத்த நிமிடம் இருபது,
அதற்கடுத்து வரிசை திரைக்குக் கீழே ஓடிவிட்டது.
ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு, திற என்கிறது.
திறந்தால் என் பெயரும் நேரமும் பதியும்.

மௌசை அதன்மேல் வைத்திருக்கிறேன்.
ஏசி பதினெட்டில் ஓடுகிறது, கை வியர்க்கிறது.
எனக்கு இன்னும்
ஒன்றும் தெரியாது.