விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடி

ஐப்பசி. கோத்தகிரியில் ஒன்பது நாளாக மழை.
குஞ்சப்பனைக்குக் கீழே சாலை மூடிக் கிடக்கிறது.
பால் வரவில்லை. இரவு முறைக்கு
என்னை மாற்றிவிட வேண்டிய பெண்
மேட்டுப்பாளையத்தில் பேருந்துக்குள் உட்கார்ந்திருக்கிறாள்.
ஆகவே இன்றும் நானே
ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம்
குடுவையின் கலங்கலை அளக்கிறேன்.

கலங்கல் என்றால் உயிர்.
கஞ்சித் தண்ணீர் நிறத்தில் கோடிக்கணக்கான பாக்டீரியா.
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வைரஸ் வேலையைத் தொடங்கியாயிற்று.
வெளியே ஒன்றும் தெரியாது.
பதினைந்தாம் நிமிடம், புள்ளி நாற்பத்தொன்று.
முப்பதில் புள்ளி நாற்பத்தாறு.
நாற்பதில் புள்ளி நாற்பத்தொன்பது.
சாகப்போகிறவை
சாவுக்குப் பத்து நிமிடம் முன்புவரை
பருத்துக்கொண்டே இருக்கின்றன.

உள்ளே தலைகள் வார்க்கப்படுகின்றன,
வால்கள் மாட்டப்படுகின்றன.
சுவரை அறுக்கும் என்சைம் எப்போதோ தயார்.
ஆனால் அது சவ்வுக்கு இந்தப் பக்கம், சுவர் அந்தப் பக்கம்.
கத்தரிக்கோல் கையில், துணி அடுத்த அறையில்.
நடுவே அந்தச் சவ்வில்
ஹோலின் என்றொரு புரதம்
ஒன்று, பத்து, நூறு, ஆயிரமாகச் சேர்ந்து
சும்மா மிதக்கிறது.
ஒரு சொட்டுக்கூடக் கசிவதில்லை.
பிறகு, யாரும் சொல்லாமல்,
எல்லாம் ஒரே நொடியில் ஒன்றுகூடி
ஓட்டையாகிவிடுகின்றன.

அதைத் தடுத்துவைப்பதும் அதே மரபணுதான்.
இரண்டு எழுத்து முன்னால் தொடங்கிப் படித்தால் தடை,
விட்டுப் படித்தால் திறப்பு.
நீதிக்கு முன்னால் ஓர் அகரம் வந்து நிற்பதுபோல.

முந்தினால் குஞ்சு நாலோ ஐந்தோ.
பிந்தினால் நூற்றுக்கு மேல்,
அதற்குள் வெளியே உள்ள இரையை
வேறு யாராவது தின்று முடித்திருப்பார்கள்.
எது சரியான நேரம் என்று வைரஸுக்குத் தெரியாது.
தவறிய நேரங்களெல்லாம் அழிந்துபோய்
மிஞ்சிய நேரம் இது:
ஐம்பது நிமிடம், கொஞ்சம் முன்பின்.

போன வெள்ளிக்கிழமை
எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் பெள்ளி
சிலைடு ஒன்று கேட்டார்.
எதைப் பார்க்க என்றேன்.
வீட்டுச் சுவரை என்றார்.

பின்சுவரில் விரிசல்.
அதன் குறுக்கே சிலைடை வைத்து
இரண்டு முனையிலும் சிமெண்ட் அப்பியிருக்கிறார்.
சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும்.
கோழிகளும் டிவியும்
அரவேணுவில் மச்சினன் வீட்டுக்குப் போயாயிற்று.
மாசியம்மாதான் நகர மாட்டேன் என்கிறாராம்.
"இருபது வருஷமா நிக்குது, இன்னிக்கா விழும்?"

நாற்பதாம் நிமிடத்தில் கேட்டால்
என் குடுவையும் அதையேதான் சொல்லும்.

நாற்பத்தேழில் மின்சாரம் போனது.
குலுக்கும் இயந்திரம் நின்றது.
ஜெனரேட்டர் இருமி எழுவதற்குள் நான்கு நிமிடம்.
டார்ச் அடித்துப் பார்த்தேன்,
குடுவை தெளிந்திருந்தது.
பின்னால் கட்டைவிரலை வைத்தால்
ரேகை தெரிகிறது.
மேலே கொஞ்சம் நுரை,
சளிபோல் நூல்நூலாய் டி.என்.ஏ.

காற்று குறைந்து சவ்வின் மின்னழுத்தம் விழுந்ததில்
முன்கூட்டியே திறந்துகொண்டதா,
அல்லது அதன் நேரமே அதுதானா?
சயனைடு ஒரு துளி விட்டால்
அந்த இடத்திலேயே திறக்கும், பார்த்திருக்கிறேன்.
நான்கு நிமிட இருட்டுக்குமா?
நோட்டில் ஐம்பத்தொன்று என்று எழுதி
கேள்விக்குறி போட்டேன்.
இந்த இரவு கணக்கில் சேராது.

விடியும்போது மழை விட்டிருந்தது.
விட்ட பிறகுதான் சரியும் என்பார்கள் இங்கே.
பெள்ளி வந்தார்.
குடையை மடக்கினார், கை கழுவினார்,
எதுவும் சொல்லாமல் அலமாரியைத் திறந்து
சிலைடுப் பெட்டியிலிருந்து
இன்னொன்றை எடுத்தார்.
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
கீறல் இருக்கிறதா என்று பார்த்தார்.