நூற்று எண்பத்தொன்று

ஹாமர்ஃபெஸ்டில்
நவம்பரில் போன சூரியன் இன்னும் திரும்பவில்லை.
காலை ஆறு மணிக்கும் நள்ளிரவின் முகம்.
மீன் ஆலைக்கு எதிரே, மாடியில், பதினொரு சைக்கிள்கள்.
ஒன்றுக்கும் ஊர் போய்ச்சேரும் உத்தேசமில்லை.

போன வாரம் இருபது நிமிடச் சோதனை.
அக்டோபரில் நூற்று எண்பத்தேழு வாட்,
இப்போது நூற்று எண்பத்தொன்று.
ஆறு வாட்டுக்கா இப்படி மூஞ்சியைத் தொங்கப்போடுகிறாய்
என்று கேட்பாள் என நினைத்தேன்.
கையுறையைப் பல்லால் உருவியபடி தூர்டிஸ் சொன்னாள்:
"ஆறு வாட்டில் என் சமையலறை விளக்கே எரிகிறது."

இன்று இரண்டாம் மண்டலம். முக்கால் மணி நேரம்.
திரையில் நீலப் பட்டை, தாண்டக் கூடாது.
மெதுவாக மிதிக்க
இத்தனை வைராக்கியம் வேண்டுமென்று யார் கண்டது?
பக்கத்தில் ஓட்வின், இழுவைப் படகுக்காரர்,
சிவப்பில் ஏறி மூச்சிரைக்கிறார்.
பயிற்சியாளர் சிக்னே மூன்று முறை சொல்லிவிட்டாள்.
போன மாதம்தான் அவருக்கு விவாகரத்து.
நான்காம் முறை அவள் சொல்லவில்லை.

வராமலிருக்க தினம் ஒரு காரணம் கிடைக்கிறது:
முழங்கால், பனிப்புயல், வெறுமனே போர்வை.
வருவதற்கு ஒன்றுதான்.
என் இருக்கையின் உயரம் ஏழு.
நான் வராத நாளில்
யாரோ அதை ஒன்பதாக்கிவிடுகிறார்கள்.

முப்பத்தெட்டாம் நிமிடம்
வியர்வை கண்ணில் இறங்கி எண் மறைந்தது.
கால்கள் தம் பாட்டுக்குச் சுற்றின.
துடைத்துப் பார்த்தேன்: நூற்று இருபத்திரண்டு.
நீலத்துக்குள்ளேயே.

கீழே பனி வாரும் வண்டி ஒன்று
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு போனது.
மிதிப்பதை நிறுத்தாமல்
பதினொரு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பினோம்.
ஓட்வின்கூட.