கோவையில் இல்லாத மதகு

திங்கள் காலை தபால் பையில்
முப்பத்தொரு உறை.
அத்தனையும் பனிச்சையடி வித்தியாலயம், தரம் ஒன்பது.
ஒன்றாய்க் கட்டி அனுப்பியிருந்தால்
ஒரே இலக்கத்தோடு முடித்திருப்பேன்.
திலகேஸ்வரி ரீச்சருக்கு அது தெரியும்.
தனித்தனி முத்திரை, தனித்தனி ஒப்பம்,
பதிவேட்டில் எனக்கு முப்பத்தொரு வரி.

மதகைத் திருத்தித் தாருங்கள் என்று
கடைசி வரியில்தான் கேட்கிறார்கள்.
அதுவரை ஒரு பக்கம் முழுக்க
மதகு எப்படி வந்ததென்ற கதை.

கட்டியது ஐம்பத்தெட்டில் என்கிறான் டிலக்சன்.
சீமெந்தில் கீறிய எண்ணை விரலால் தடவினானாம்,
கடைசி இலக்கம் எட்டா மூன்றா
இன்னும் சந்தேகம்.
கல்லேற்ற வண்டி விட்ட சின்னத்தம்பியர்
கூலி வாங்கவில்லை என்கிறாள் சாருகா.
வாங்கினார், மூன்று ரூபாய், என்கிறாள்
அதே வாங்கில் இருக்கும் பிள்ளை.
இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறா ரீச்சர்.

'இதற்குக் கீழே நாலு நாள் இருந்தோம் என்று
அம்மா சொன்னா.
எந்த நாலு நாள் என்று நான் கேட்கவில்லை.'
பேர் பார்த்தேன், பதிந்தேன்,
அடுத்த உறையைப் பிரிக்கக் கொஞ்சம் நேரமெடுத்தது.

கஜீபனுக்குக் கோரிக்கையே இல்லை, கேள்விதான்:
'மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று ஆண்டு சொன்னார்கள்.
உங்கள் கோவையில் எது இருக்கிறது?'

அலுமாரியைத் திறந்தேன்.
இரண்டாயிரத்துப் பத்துக்கு முந்தின தாள் ஒன்றுமில்லை.
கறையான் தின்றதென்று சொல்லலாம்,
அதற்கும் நாங்கள் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

'வரலாறு எங்கட வேலையில்லை,
ஒரு பதிலைப் போட்டு விடும்,' என்றார் செயலாளர்.
'பதிவுகள் இல்லை' என்று அடித்து
முப்பத்தொரு பிரதி எடுத்தேன்.
பிறகு, யாரும் சொல்லாமலே,
புதுக் கோவை மட்டையில் 'பனிச்சையடி மதகு' என்றெழுதி
கடிதங்களுக்குத் துளை போட்டேன்.
முதலாம் பக்கம் கஜீபன்.

எட்டாம் நாள் என் பதிலே திரும்பி வந்தது,
ஓரத்தில் சிவப்புப் பேனை,
பிள்ளைக் கையெழுத்து:
'திகதி இல்லை.
ஒப்பத்துக்குக் கீழே பெயர் இல்லை.
பதிவுகள் இல்லையென்றால் எப்போதிருந்து இல்லை?'
பின்பக்கத்தில் இன்னும் இரண்டு வரி:
'அடுத்த சபைக் கூட்டம் எப்போது?
பார்வையாளருக்கு எத்தனை கதிரை உண்டு?'

மேலே போய் எண்ணிப் பார்த்தேன்.
பன்னிரண்டு.
அதிலும் ஒன்றுக்குக் கால் ஆடுகிறது.