பால்வளையம்

ஏழு மருந்துப் பொட்டுகளையும் சுற்றி
நகக்கண் அளவு இடம்கூட விடாமல்
முளைத்திருந்தது
அமிர்தசீலனின் காலிலிருந்து வந்தது.
பச்சை. முந்திரிகைப் பழ வாசம்.
அந்தப் பழத்தை நான் தின்று
மூன்று வருடம்.

பொய்க்கால் உரசி உரசித் திறந்த புண்.
புதன் கிளிநொச்சியில் கிளினிக்,
வியாழன் அறிவியல்நகரில் என் மேசைக்குப்
பஞ்சுக்குச்சியாக வந்துவிடுவார்.
இன்றைக்கு ஆளே வந்திருக்கிறார்
ஓட்டோவை வாசலில் விட்டுவிட்டு.

"காட்டுங்கோ பாப்பம், என்ர ஆக்களை."

மூடி திறக்காமல் காட்டினேன்.
பிறகு மற்றத் தட்டு:
இது வேறு கிருமி, சோதனைக்கென்று வளர்ப்பது.
தனியே இருந்தால் நிறமில்லை.
ஒவ்வொன்றும் ஒரு துளிச் சேதி கசியவிடும்,
அதை வைத்தே தலை எண்ணும்.
ஆள் சேர்ந்துவிட்டது என்று தெரிந்த கணம்
எல்லாம் ஒன்றாய் ஊதாவாகும்.
உங்கட காலில் உள்ளதும்
இப்படி எண்ணித்தான் நஞ்சை எடுக்குது.

"கதைக்குதுகளோ?"

கதைக்குதுகள்.

நடுவில் என் பொட்டு.
பத்தொன்பதாவது மூலக்கூறு, மிகச் சின்னது,
சேதியின் சாயலில் செய்தது.
சேதி குந்தவேண்டிய கதிரையில்
முந்திப்போய்க் குந்திக்கொள்ளும்.
தட்டு முழுக்க ஊதா,
அதைச் சுற்றி மட்டும்
ஒரு பால்வளையம்.

"செத்துப்போச்சுதுகளோ?"

இல்லை. செத்தால் கண்ணாடி மாதிரித் தெரியும்.
இது பால் நிறம். எல்லாம் உயிரோடதான்.
கொன்றால், தப்பினது
மருந்தைப் படித்துக்கொண்டு பெருகும்.
இதில் நாங்கள் ஆயுதத்தை மட்டும்

மிச்சம் வாய்க்குள் நின்றுவிட்டது.

அவர் சிரித்தார்.
"புனர்வாழ்வு எண்டு சொல்லுங்கோ."

அப்போது பார்த்துக் கரண்ட் போனது.
இன்குபேட்டர் ஒருமுறை முனகி அடங்கியது.
இருட்டில் அவருடைய போன் வெளிச்சம்
தட்டின் மேல் விழுந்தது.

"ஆயுதத்தை வாங்கினாப் பிறகு, மிஸ்,
அதுகளுக்கு என்ன நடக்கும்?"

விடை எனக்குத் தெரியும்,
வகுப்பில் வருடாவருடம் சொல்வது:
இரத்தத்தின் வெள்ளணுக்கள் வரும்.
எதிர்க்க ஏலாதவற்றை
ஒவ்வொன்றாய் விழுங்கும்.
புண் ஆறும்.

புண் ஆறும், என்றேன்.

"எப்ப?"

எலிக்கே இன்னும் கொடுக்கவில்லை.
பத்து வருடம், பன்னிரண்டு. அதுவரைக்கும்
உப்புத்தண்ணி, சுத்தப் பஞ்சு,
காலைக் கழற்றி வைத்துவிட்டு இருங்கோ.

"காலைக் கழற்றினால் ஆர் ஓட்டோ ஓடுறது?"

ஜெனரேட்டர் உறுமியது. அவர் போய்விட்டார்,
முறிகண்டிக்கு ஹயர் காத்திருந்தது.

பார்த்து முடித்த தட்டுகளை
அன்றன்றே அவித்துக் கொட்டவேண்டும்.
சுவரில் என் கையெழுத்திலேயே ஒட்டியிருக்கிறது.
பச்சையை அவித்தேன். மற்றவற்றையும்.
அந்த ஒன்றில் மட்டும்
நாளைத் திகதி எழுதி
உள்ளே வைத்தேன்.