அடிக்கு ஆறு வெள்ளி

என் கடை, நாலு நம்பர் கடைக்கும்
பல் டாக்டர் மாடிப்படிக்கும் நடுவில்.
செம்பனை லோரி போகும்போதெல்லாம்
கண்ணாடிக் கதவு ஒரு தரம் நடுங்கும்.
பேனர், ஸ்டிக்கர், கல்யாணக் கார்டு, கருமாதி நோட்டீஸ்.
பேனர் யாருக்கானாலும் அடிக்கு ஆறு வெள்ளி.
கயிறு கோக்கக் கண் வைத்தால் ஐம்பது காசு கூட.

யுவனேஸ்வரனுக்குத் தூக்கு என்று நாள் குறித்தபோது
ராத்திரி இரண்டு மணிவரை மெஷின் ஓடியது.
பொட்டலத்தில் எத்தனை கிராம் என்று
அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை.
ஐசி படத்தைத்தான் பெரிதாக்கினேன்.
காது கொஞ்சம் எடுப்பு. காலரில் பட்டன் இல்லை.
'ஓர் உயிரும் போகக் கூடாது.'
வாசகம் சவரிநாதனுடையது, சிவப்பு என்னுடையது.
காசு வாங்கவில்லை.
ஊரே அதைச் சொன்னது. நானும் சொல்லிக்கொண்டேன்.

பதினோரு மாதம் கழித்து
நகைக்கடைப் பொன்னுரங்கத்தை ஒருவன் வெட்டினான்.
மேடானிலிருந்து வந்தவன் என்றார்கள்.
அதே ஆட்கள், அதே பிளாஸ்டிக் நாற்காலிகள்.
'தூக்கில் போடு.' பன்னிரண்டு அடி. அவசரம்.
புதிதாக வரைய ஏது நேரம்?
பழைய கோப்பைத் திறந்து வரியை மட்டும் மாற்றினேன்.
பொன்னுரங்கம் நல்ல மனுசன்.
அறுந்த என் தாலிக்கொடியைப் பற்றவைத்துவிட்டுக்
கூலி வேண்டாம்மா என்றவர்.
கை கூசவில்லை எனக்கு.

'கருவும் உயிரே' என்று
மாதா கோயில் வாசலுக்கு மூன்று முறை
அடித்துப்போயிருக்கிறார் சவரிநாதன்.
அவர் சூப்பர்வைசராக இருக்கும் கையுறை பேக்டரியில்
வாந்தியெடுத்த ஜாவாக்காரப் பெண்ணுக்கு
இரண்டே நாளில் டிக்கெட் போட்டார்கள்.
பெர்மிட்டில் பிள்ளைக்கு இடமில்லையாம்.
லாக்கப்பில் செத்த பையனுக்காக
பாலாய் முன்னால் மழையில் நின்றவள் கஸ்தூரி.
மெழுகுவத்தி அணைய அணையப் பற்றவைத்தவள்.
நடுக்கடலில் நிற்கும் படகுகளைப் பற்றிப் பேச்செடுத்தால்
'நமக்கே பத்தல, தள்ளிவிடட்டும்' என்கிறாள்,
சில்லறையை எண்ணிக்கொண்டே.

போன செவ்வாய், ஏழாம் பிளாக்கில்
டிராக்டர் சரிந்தது.
அடியில் ஷோஹிதுல். வங்காளதேசத்து ஆள்.
ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம்.
வெயிலுக்கு மூட எதுவுமில்லாமல்
பந்துத் திடல் வேலியிலிருந்து யாரோ
என் பழைய பேனரை அவிழ்த்து வந்திருக்கிறார்கள்.
நான் பார்க்கப் போனபோது
எடுப்பான காதோடு யுவனேஸ்வரன்
அவன்மேல் கிடந்தான்.
பாதி மடிந்து, 'உயிரும் போக' மட்டும் தெரிந்தது.
ஈ அதில் உட்கார்ந்து எழுந்தது.

யாரும் ஆர்டர் தரவில்லை.
மறுநாள் அவன் ரூம் கூட்டாளி வந்தான்,
கைபேசியில் ஒரு படத்தோடு.
வீட்டுக்கு அனுப்பவேண்டும், ஒரு தாள் போதும் என்றான்.
எடுத்துக்கொடுத்தேன்.
எவ்வளவு என்று கேட்டான்.
ஐம்பது காசு என்றது என் வாய், பழக்கத்தில்.
கொடுத்துவிட்டுத் 'தெரிமா காசி, கக்கா' என்று போனான்.
அந்தக் காசை டிராயரில் மற்றதோடு போட முடியவில்லை,
திருப்பிக் கொடுக்க ஓடவுமில்லை.

ராத்திரி படத்தைக் கணினியில் சேர்க்கும்போது
எப்போதும்போல 'முகம்' என்று பெயர் அடித்தேன்.
இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது,
அதை அழித்துவிட்டு இதை வைக்கவா என்று கேட்டது திரை.
அதற்குக் கீழே
இரண்டையும் வைத்துக்கொள் என்று இன்னொரு பொத்தான்.
எட்டு வருசமாக அங்கேதான் இருந்திருக்கும்.

காலையில் கஸ்தூரி வந்தாள்.
படகுக்காரர்களுக்கு எதிராக, பத்தடி.
மெஷின் கெட்டுப்போச்சு என்றேன்.
உள்ளே அது ஓடுகிற சத்தம்
அவளுக்கும் கேட்டிருக்கும்.