பொருளின் விபரம்

நாலாம் இலக்கப் பண்டசாலையில்
ஆளுயரத்தை மிஞ்சிய மரப்பெட்டி.
மார்செய் துறையில் ஏற்றி
மூன்று கிழமை உப்புக்காற்றில் வந்தது.
படிவத்தின் ஏழாம் நிரலில்
பொருளின் விபரம் எழுத வேண்டும்.
ஹார்ப் என்று எழுதினேன்.
விதானகமகே மாத்தையா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
இதென்ன, தளபாடமா?
தளபாடத்துக்குத் தீர்வை கூட.
உங்கட பாஷையில என்ன சொல்றது?
யாழ், என்றேன்.
மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த வருஷம் கொழும்பில்
அந்தச் சொல்லுக்கு நரம்பு கிடையாது.
பொலிஸ் பதிவுத் தாளில்,
கொட்டாஞ்சேனை லொட்ஜின் பேரேட்டில்,
இரண்டே எழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி.
அது ஊர்.
அதை வாசித்த பின்
பையைத் திறக்கச் சொல்வார்கள்.

வில்லிலிருந்து வந்ததாம் இது.
மானைத் தவறவிட்ட எவனோ
அம்பு போன பிறகும் நாண் அதிர்வதைக்
கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான்.
அன்றிரவு வீட்டில் பட்டினி.
பெண்சாதி ஏசியதை
வரலாறு குறித்துவைக்கவில்லை.

பிறகு நைல்கரைக் கல்லறைச் சுவரில்
பார்வையில்லாத ஒருவன்
அதை நெஞ்சோடு சாய்த்துக் குந்தியிருக்கிறான்.
எங்கள் பக்கத்தில் பாணர்
யானை தருவான் என்று பாடிக்
கஞ்சியோடு திரும்பினார்கள், சில நாள் அதுவுமின்றி.
பேரியாழ், மகரயாழ், சகோடம், செங்கோடு:
பேர்கள் மிஞ்சின.
யாழ் போனதும் பாணரைத் தெருக்கோடியில் இருத்தினோம்.
அதை ஒருவரும் பாடிவைக்கவில்லை.

அயர்லாந்தில் ஒரு மகாராணி
யாழ்காரரைத் தூக்கச் சொன்னதாகக் கதை.
வடக்கே ஒரு குருட்டுப் பாணன்
மணலைப் பரிசாய் வாங்கியதாகவும் கதை.
இந்த வாத்தியத்துக்கு எழுதியவர்களைவிட
இதற்குப் பயந்தவர்கள் அதிகம் போல.

பெட்டிக்குச் சொந்தக்காரி பின்னேரம் வந்தா,
டோரின் பார்த்தலோமியூஸ், பம்பலப்பிட்டி.
பூப்போட்ட கவுண், கழுத்துச் சங்கிலியில்
சிலுவையோடு சேர்ந்து ஒரு சுருதிச் சாவி.
உள்ளே வெடிமருந்து இல்லையென்று
நிரூபிக்கச் சொன்னார்கள்.
சீமெந்து மூட்டையில் இருந்தபடி
நாற்பத்தேழையும் தட்டித் தட்டித் திருகினா,
சிவப்பு ஸ, கறுப்பு ம.
ஒன்றரை மணித்தியாலம்.
அடியில் ஒரு கம்பி படீரென்று அறுந்தது,
வாசலில் நின்ற ஆமிக்காரன் குனிந்தான்.

இதுக்கு எழுதினவங்கள் எல்லாரும் பியானோக்காரர்,
என்றா யாரிடமோ.
பத்து விரலுக்கு எழுதுவாங்கள்.
எங்களுக்கு எட்டுத்தான், சின்ன விரல் உதவாது.
மிச்சத்தை எங்கேயாவது களவெடுக்க வேணும்.

பிறகு வாசித்தா.
என்ன வாசித்தா என்று கேட்காதீர்கள்,
எனக்குத் தெரியாது.
நாட்டாமிகள் தோளில் சாக்கோடு அப்படியே நின்றார்கள்.
மாத்தையா முத்திரையைத் தாளில் ஊன்றிவிட்டு
எடுக்க மறந்தார்.
இன்றைக்கும் அந்தக் கோப்பில்
ஏழாம் நிரலில் ஒரு நீலக் கறைதான்.

அறுந்த கம்பியை எனக்குத் தந்தா.
செம்பு சுற்றிய பளபளப்புக்கு ஆசைப்பட்டு
வாங்கிச் சட்டைப்பையில் போட்டேன், மடையன்.

கால்வாய்ப் பாலத்தடியில் பஸ்ஸை மறித்தார்கள்.
அடையாள அட்டை. பிறகு சட்டைப்பை.
வயர்.
துவக்கு கொஞ்சம் உயர்ந்தது.
நரம்பு, என்றேன் தமிழில்.
சிங்களத்தில் தேடினேன், அகப்படவில்லை.
காலி வீதியில், நூற்றியொன்றாம் இலக்க பஸ் முழுக்கப் பார்க்க,
இல்லாத ஒன்றை நெஞ்சில் சாய்த்து
இரண்டு கையாலும் மீட்டிக் காட்டினேன்,
சின்ன விரல்களை மடித்துக்கொண்டு.
மீசை அரும்பாத சிப்பாய்
சிரித்தான், அல்லது இருமினான்.
கம்பியை வைத்துவிட்டுப் போகச் சொன்னான்.

மறுநாள் காலை
நிறுத்தவும் என்ற பலகையை
அந்தக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.
கடற்காற்று அதைத் தொட்டபடி இருந்தது.
ஏதாவது சொல்லியிருக்கும்.
எஞ்சின் இரைச்சலில்
எனக்குக் கேட்கவில்லை.